கைநாட்டு வாங்க வந்த தம்பி

(புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்ட கேம்ப், மூணாவது நாள். திண்ணையில அப்பத்தா. கையில ஃபார்மும் இங்க் பேடும் வச்சிக்கிட்டு காலேஜ் பையன்.)

பையன்: பாட்டி, எழுத்தறிவு சர்வே எடுக்குறோம், பேர் சொல்லுங்க நான் எழுதிக்கிறேன், அப்புறம் பெருவிரல மட்டும் இந்த மையில லேசா தொட்டு இங்க வச்சிட்டீங்கன்னா போதும்.

அப்பத்தா: பாட்டி என்ன பாட்டி, அப்பத்தான்னு கூப்புடு. சட்டையில என்னடா அது சக்கரம்?

பையன்: எங்க பேட்ஜ் அப்பத்தா, கோனார்க் கோயில் தேர்ச்சக்கரம். 1969ல காந்தி நூற்றாண்டுக்கு ஆரம்பிச்சது எங்க என்.எஸ்.எஸ். "நான் அல்ல, நீ"ங்கிறதுதான் எங்க கொள்கையே.

அப்பத்தா: வேலைன்னு சொன்னா எம் பேரனும் அதத்தான் சொல்றான், நானில்ல நீ போன்னு.

பையன்: அய்யோ அது சேவை அப்பத்தா. வருசத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருசத்துல 240, நடுவுல இந்த ஏழு நாள் கேம்ப்பு, இதெல்லாம் முடிச்சாதான் சர்டிபிகேட்டு.

அப்பத்தா: ஓ, மணிக்கணக்கா. சரி, அந்தா கோயில் செவுத்துல கட்டிருக்கீகளே துணி, அத எழுதுனது யாரு?

பையன்: (நெஞ்சை நிமித்தி) நான்தான்! "எழுத்தறிவு முயற்ச்சி"!

அப்பத்தா: அதான், நேத்துலேர்ந்து கண்ண உறுத்துது. "ற்" போட்டியே, அதுக்கு பக்கத்துல எதுக்கு "ச்"சு? ட், ற் ரெண்டும் தனிக்காட்டு ராசாடா, பக்கத்துல இன்னொரு புள்ளி வச்ச எழுத்த அண்ட விடாது.

பையன்: ...அப்பத்தா உங்களுக்கு படிக்க வருமா?

அப்பத்தா: 1991ல அறிவொளின்னு ஒரு எழுத்தறிவு இயக்கம் வந்துச்சு, உங்கப்பன் அப்ப டவுசர் போட்டிருப்பான், பகலெல்லாம் குவாரியில கல்லு ஒடச்சிட்டு ராத்திரி அரிக்கேன் வெளக்குல உக்காந்து "அ"னா "ஆ"வன்னா எழுதுவோம், அப்பத்தான் பொம்பளைங்க எல்லாம் சைக்கிளும் கத்துக்கிட்டோம், விழுந்த தழும்பு முட்டியில இன்னும் இருக்கு. சக்கரத்த நெஞ்சுல குத்திக்கிறது பெருசில்ல தம்பி, ஏறி மிதிக்கணும்.

பையன்: (இங்க் பேடை மெதுவா முதுகுக்குப் பின்னாடி கொண்டு போறான்)

அப்பத்தா: ஏன் ஒளிக்கிற, மை சட்டையில ஒட்டும்டா... ஒட்டிருச்சு பாரு.

பையன்: சரி அப்பத்தா, ரெண்டு மணி நேரம் இங்க இருந்தேன்னு ஒரு கையெழுத்தாவது போடுங்க, இல்லன்னா எங்க சார் ஹவர்ஸ் தரமாட்டாரு.

அப்பத்தா: கொண்டா. (கண்ணாடிய மாட்டிக்கிட்டு நிதானமா எழுதுறாங்க.)

பையன்: அப்பத்தா அங்க இல்ல! அது "கற்பித்தவர்" கட்டம்! நீங்க "பயனாளி"யில போடணும்!

அப்பத்தா: சரியாத்தான்டா போட்டிருக்கேன். பயனாளியில நீ போடு. நாளைக்கு வரும்போது "முயற்சி" இருவது தடவ எழுதிக் கொண்டாந்துரு.