தரங்கம்பாடிய யாரு பட்டா போட்டுக் குடுத்தா

எங்க வீட்டுக்காரருக்கு கப்பல்ல வேலை, லீவுல வந்தா தரங்கம்பாடி போயே ஆகணும். அங்கயும் தண்ணி இங்கயும் தண்ணியான்னு கேட்டா கரையில இருந்து பாக்குறது வேறயாம், சரி போகட்டும். மயிலாடுதுறைல டிபன முடிச்சிட்டு பொறையார் வழியா வெயிலுக்கு முன்னாடி போயிடலாம்னு போனா கோட்டை வாசல்லயே ப்ரீ வெட்டிங் ஷூட்டு, எங்க திரும்புனாலும் ஒரு ஜோடி. "அக்கா ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளுங்க." எங்கடா தள்றது, பின்னாடி கடல்தான் இருக்கு!

ஒரு பொண்ணு போட்டிருந்த கவுனோட வால ரெண்டு ஆளு தூக்கணும், அதுல மண்ணும் மீன் செதிலும் ஒட்டிக்கிட்டு வருது, பாவம் அது மூஞ்செல்லாம் வேர்வை, கேமராக்காரன் மட்டும் சிரிங்க சிரிங்கன்னு கத்துறான். மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் ஒதுங்கலாம்னா (1306ல கட்டுனது, முன்பக்கம் கடல் தின்னது போக மிச்சம்) அங்க கலர் புகை விட்டுட்டு இருக்கானுங்க. 1620ல கோட்டை கட்டுன டேனிஷ்காரனே 1845ல இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டு கிளம்பிட்டான், இவனுங்க கிளம்பவே மாட்டேங்குறானுங்க.

இவரு எங்கடா காணோமேன்னு பாத்தா யாருக்கோ ரிஃப்ளெக்டர் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு!