பள்ளத்தூரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே

நடிகை மனோரமா ஆச்சி பற்றிய உங்கள் கட்டுரையைக் காரைக்குடியிலிருந்து படித்தேன். 1937ல் மன்னார்குடியில் பிறந்தது, 2002ல் பத்மஸ்ரீ வாங்கியது எல்லாம் இருக்கிறது. அவரை ஆளாக்கிய, எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்கு மட்டும் ஒரே வரி. எனக்கு அது பெரிய வருத்தம் ஐயா.

அம்மாவோடு வறுமையில் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த பிள்ளை அவர். படிப்பு பாதியில் நின்றது. நாடக மேடையில் 'பள்ளத்தூர் பாப்பா' என்றுதான் முதலில் பெயரெடுத்தார். 1958ல் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம் கொடுத்து சினிமாவுக்குக் கொண்டுவந்த கண்ணதாசனும் நம்ம செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டிக்காரர்தானே! இதை எப்படி விட்டீர்கள்?

நகைச்சுவை நடிகை என்று மட்டும் அவரைச் சுருக்குவதும் சரியில்லை. 'சின்ன கவுண்டர்' பாருங்கள். எடுப்பான பல் கட்டிக்கொண்டு, அழகைப் பற்றிக் கவலையே இல்லாமல் விஜயகாந்துக்குத் தாயாக நிற்பார். முதலில் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் அந்தப் பல்லே கண்ணுக்குத் தெரியாது, தாய்தான் தெரிவார். கொங்குப் பேச்சும் மெட்ராஸ் பாஷையும் அவர் வாயில் அப்படிப் பொருந்தும். அவ்வளவும் மேடை தந்த பயிற்சி.

தயவுசெய்து அந்த நாடக வருஷங்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள்.