பாலாற்றுக் கிணறுகளுக்கு என்ன விலை?

தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலமும் கிணறும் கெட்டுப்போன வேலூர்ப் பகுதிக் குடும்பங்கள் 29,193. மாசுக்கான இழப்பீட்டைக் கணிக்க அமைந்த சூழலிழப்பு ஆணையம் 2001-ல் கணக்கிட்ட இழப்பீடு 26.82 கோடி. வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூடத் தேறாது. அதுவும் 1991 முதல் 1998 வரை, ஏழு வருஷத்துக்கு மேல் பட்ட பாட்டுக்கு.

மாசு நீங்கும்வரை அதை உண்டாக்கியவர்களின் பொறுப்பு தீராது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனிப் போடுகிற கணக்காவது ஒழுங்காக இருக்க வேண்டும்.

முதல் சறுக்கல் உப்பை அளப்பதிலேயே வரும். மல்லாட்டை (நிலக்கடலை) மீட்டருக்கு 3.2 டெசிசீமன்ஸ் (உப்பை அளக்கும் அலகு) வரை தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் மகசூல் 29 சதவீதம் விழும். நெல்லுக்கு 3-க்கு மேல் அலகுக்கு 12. ஆனால் இவை மண்சாற்றின், அதாவது ஊறவைத்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நீரின், ஈ.சி. (மின்கடத்தும் திறன்; உப்பு கூடினால் கூடும்) அளவுகள், கிணற்று நீருடையவை அல்ல. ஓரளவு வடிகிற நிலத்தில் மண்சாற்று உப்பு பாசன நீரைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. கிணற்றில் 2.8 என்றால் மண்ணில் 4.2. கிணற்று அளவை அப்படியே போட்டால் மல்லாட்டைக்கு நஷ்டமே இல்லை என்று வரும். உள்ளபடி கால்வாசிக்கு மேல் போயிருக்கும்.

உப்பு நீரால் மல்லாட்டையை விட்டுத் தென்னைக்கு மாறியவரிடம் மகசூல் குறைவைத் தேடக் கூடாது. நல்ல தண்ணீர் இருந்தால் என்ன வைத்திருப்பார், இப்போது என்ன கிடைக்கிறது, இரண்டின் நிகர வருமான வித்தியாசமே இழப்பு. தரிசு போட்டவருக்கும் அதே கணக்குதான். பயிர் இழப்பையும் நில விலை வீழ்ச்சியையும் சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள்: வருங்கால விளைச்சல் குறைவதால்தானே விலை இறங்குகிறது. கேன் தண்ணீர்ச் செலவும், குடம் தூக்கிப் போய்வரும் பெண்களின் நேரமும் தனி.

எனக்கு ஆத்திரம் வருவது, நல்ல தண்ணீரின் மதிப்பை மக்களிடமே கேட்டு அளக்கும் கருத்துக்கணிப்பில். “ஆறு சுத்தமாக எவ்வளவு கொடுப்பீர்கள்?” என்று ஏழை விவசாயியிடம் கேட்பது அநியாயம். கிணறு அவருடையது, “இந்தக் கேட்டைப் பொறுத்துக்கொள்ள எவ்வளவு வேண்டும்?” என்பதே சரியான கேள்வி. “நான் ஏன் கொடுக்கணும்?” என்று சுழியம் சொன்னவரை, நல்ல தண்ணீருக்கு மதிப்பே தராதவர் என்று எழுதிக்கொள்கிறார்கள். அது எதிர்ப்பு, மதிப்பில்லாமை இல்லை. காரணத்தைக் கேட்டு அதைத் தனியே பிரிக்க வேண்டும்.

கடைசியாக, வருங்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் வட்டி. நிலத்தடி நீர் தெளியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். முப்பது வருஷம் கழித்து வரும் 100 ரூபாய்ப் பயனுக்கு இன்றைய மதிப்பு, 10 சதவீதத்தில் 5.73, 4 சதவீதத்தில் 30.83. திட்ட அறிக்கை கைக்கு வந்தால் முதலில் எந்தச் சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். பாலாற்றைச் சீராக்குவது ‘கட்டுபடியாகாது’ என்ற முடிவைப் பெரும்பாலும் அந்த ஒரே எண்தான் தீர்மானித்திருக்கும்.