அந்தப் படத்தில் நிற்கும் இன்னொருவர்

1945 மார்ச்சில் டோனி ஃப்ரிஸல் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இத்தாலியின் ரமிட்டெல்லி விமானத்தளத்துக்குப் போய் நிறையப் படங்கள் எடுத்தார். அதில் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படுகிறது. இரண்டு கறுப்பின இளைஞர்கள். ஒருவர் ராஸ்கோ பிரவுன். அதே மாதம் பெர்லின் வானில் ஜெர்மனியின் ஜெட் விமானம் ஒன்றை வீழ்த்திய விமானி. இன்னொருவர் மார்செல்லஸ் ஸ்மித், விமானத்துக்குப் பொறுப்பான தலைமை மெக்கானிக். படத்தைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் முதல் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இது ரொம்ப நாளாகவே உறுத்துகிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த கறுப்பின அமெரிக்கர்களான டஸ்கீகி விமானிகளைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். நான் அந்த இரண்டாவது ஆளைப் பற்றி எழுதுகிறேன்.

1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பினத்தவர் அறிவில் தாழ்ந்தவர்கள், ஆபத்து வந்தால் கோழைகளாகிவிடுவார்கள் என்று அதில் எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகும் 1941 வரைக்கும் ராணுவ விமானப் பிரிவின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. அந்த அவமானத்தில் இரண்டு பாதி இருக்கிறது. உனக்குத் துணிச்சல் கிடையாது என்பது ஒரு பாதி. எந்திரம் உன் மூளைக்கு எட்டாது என்பது மறுபாதி. முதல் பாதிக்கு விமானிகள் பதில் சொன்னார்கள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் பதில் சொன்னவர்கள் தரையில் நின்றவர்கள்.

1941 மார்ச்சில் கறுப்பினத்தவருக்கென்று 99வது விமானப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. விமானிகளுக்குப் பயிற்சி அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில். மெக்கானிக்குகளுக்கு இல்லினாய்ஸின் ஷனூட் தளத்தில். விமானிகளின் முதல் வகுப்பில் 13 பேர் சேர்ந்தார்கள். 1942 மார்ச் 7ஆம் தேதி தேறி வெளியே வந்தவர்கள் 5 பேர். அவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்த நான்கு வருடமும் சக மாணவர்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அறையைப் பகிர்ந்துகொள்ளவில்லை. அப்படியே இருந்து 1936இல் பட்டம் வாங்கி வந்தவர் அவர்.

வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் ஒரே பிரிவில் வைக்கக் கூடாது என்பது ராணுவத்தின் பிடிவாதம். அப்படியானால் கறுப்பின விமானிக்கு எஞ்சின் பார்ப்பதும், துப்பாக்கிக்குத் தோட்டா ஏற்றுவதும், ரேடியோ சரிபார்ப்பதும், பாராசூட் மடிப்பதும் கறுப்பினத்தவர்தானே? வேறு வழியில்லாமல் எல்லா வேலையிலும் அவர்களைப் பழக்க வேண்டியதாயிற்று. வானிலை சொல்ல வாலஸ் ரீட் வந்தார். ராணுவத்தின் முதல் கறுப்பின வானிலை அதிகாரி அவர்தான். டஸ்கீகி மருத்துவமனையில் செவிலியர்களுக்குத் தலைமை தாங்கினார் டெல்லா ரேனி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற ஆர்ச்சி வில்லியம்ஸ்கூட அங்கே பறக்கச் சொல்லிக்கொடுத்தார். டஸ்கீகியில் பயிற்சி முடித்த விமானிகள் 992 பேர். மற்ற வேலைகளைப் பார்த்தவர்கள் 14,000க்கும் மேல். ஒரு விமானிக்குப் பதினாலு பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போர்க்களத்துக்கு அவர்கள் போனது 1943 ஏப்ரலில், வட ஆப்பிரிக்காவுக்கு. ஜூலை 2ஆம் தேதி சார்லஸ் ஹால் முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினார். அப்புறமும் வில்லியம் மோமையர் என்ற மேலதிகாரி இவர்களுக்குச் சண்டை போட வராது என்று மேலிடத்துக்கு எழுதினார். அவர்களை வழிநடத்திய டேவிஸ் வாஷிங்டன் போய் விசாரணைக் குழு முன்னால் நின்று வாதாட வேண்டியிருந்தது. 1944 ஜனவரியில் இத்தாலியின் அன்ஸியோ கடற்கரைக்கு மேல் இரண்டே நாளில் பன்னிரண்டு எதிரி விமானங்களை வீழ்த்தியதும் அந்தப் பேச்சு அடங்கியது.

சரி, ரமிட்டெல்லிக்கு வருவோம். விளைநிலத்தில் துளையிட்ட இரும்புத் தகடுகளைப் பரப்பிப் போட்ட ஓடுபாதை. தங்க டென்ட்தான், மழை பெய்தால் சேறு. அங்கிருந்துதான் வாலில் சிவப்புச் சாயம் பூசிய மஸ்டாங் விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகக் கிளம்பின. 1945 மார்ச் 24ஆம் தேதி பெர்லின் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. போய்வர ஏறத்தாழ 1,600 மைல். இறக்கைக்கு அடியில் தொங்கும் வழக்கமான 75 கேலன் டேங்க் அதற்குப் போதாது; 110 கேலன் டேங்க் வேண்டும், கையிருப்போ இல்லை. சப்ளை வேலையில் இருந்த கேப்டன் ஒமர் பிளேர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் கிளம்பிப் போய், டேங்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். விடிவதற்குள் அவற்றை மெக்கானிக்குகள் மாட்டி முடித்தார்கள். 24ஆம் தேதி பிரவுன், ஏர்ல் லேன், சார்லஸ் பிராண்ட்லி ஆகிய மூவரும் ஆளுக்கொரு ஜெட்டை வீழ்த்தினார்கள். அந்த மூன்று பெயரும் எல்லா இடத்திலும் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஸ்பேனர் பிடித்த கைகளின் பெயர் எங்கே இருக்கிறது?

'தாங்கள் காவல் போன ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட எதிரி விமானங்களுக்கு இழக்கவில்லை' என்ற வாசகத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். அது உண்மை இல்லை. வரலாற்றாய்வாளர் டேனியல் ஹால்மன் ஆவணங்களைப் புரட்டிக் கணக்கெடுத்ததில், அவர்கள் காவலில் போனவற்றில் 27 விமானங்கள் எதிரி விமானங்களால் வீழ்ந்திருக்கின்றன. அவர்கள் இருந்த பதினைந்தாவது விமானப்படையின் மற்றக் காவல் பிரிவுகளுக்குச் சராசரி 46. எனக்கு இந்த 27தான் பிடித்திருக்கிறது. குறையே இல்லாதவனாக இருந்தால்தான் உன்னை மனிதனாக ஒப்புக்கொள்வேன் என்று சொல்வதும் பழைய அவமானத்தின் வால்தான். அவர்கள் மனிதர்கள், தங்கள் வேலையை மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அது போதும்.

1944 டிசம்பர் 29 அன்று பனியில் திசை தெரியாமல் 18 அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ரமிட்டெல்லியில் வந்து இறங்கின. வந்தவர்கள் எல்லாம் வெள்ளையர்கள். ஊரில் இருந்தால் இவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வானம் தெளியும்வரை சில நாள் இவர்களோடுதான் தங்கினார்கள், சாப்பிட்டார்கள். அந்த டென்ட்டுகளில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அதே சமயம் அமெரிக்காவிலோ? 1945 ஏப்ரலில் இண்டியானாவின் ஃப்ரீமன் தளத்தில் வெள்ளையர்களுக்கென்று ஒதுக்கிய அதிகாரிகள் விடுதிக்குள் நுழைந்ததற்காகக் கறுப்பின அதிகாரிகளைக் கைது செய்தார்கள். நிறப் பாகுபாட்டை ஏற்கச் சொல்லும் தாளில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று 101 பேர் நின்றார்கள். 1948 ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பித்த பிறகுதான் படைகளில் அந்தப் பாகுபாடு விலக ஆரம்பித்தது.

2007இல் அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் கொடுத்தபோது அதை ஒருவருக்கென்று கொடுக்கவில்லை. டஸ்கீகியைச் சேர்ந்த எல்லாருக்குமாகக் கொடுத்தது. அவர்களுடைய சங்கத்திலும் அதுதான் வழக்கம். மெக்கானிக், சமையல்காரர், செவிலியர், பாராசூட் மடித்தவர் என்று அங்கே வேலை செய்த எல்லாரையும் 'டஸ்கீகி ஏர்மென்' என்றே எண்ணுகிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். அந்தப் படம் அடுத்த முறை உங்கள் பக்கத்தில் வந்தால் இரண்டு பெயரையும் எழுதிப் பகிருங்கள். ராஸ்கோ பிரவுன், மார்செல்லஸ் ஸ்மித்.