சோளக் கஞ்சி கலக்குவதில் என்ன வித்தை என்று கேட்டவர்களுக்கு

மூன்று நாளாகப் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. எந்தப் பதிவு என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். மறுபடி இணைப்புக் கொடுத்து அதற்கு இன்னும் கூட்டம் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. தென்னாப்பிரிக்காவில் பீர் காய்ச்சும், ஒயின் தயாரிக்கும் கறுப்பினப் பெண்களைப் பற்றிய செய்தி அது. அதற்குக் கீழே வந்ததில் இரண்டு வகைக் கருத்துகள்தான் எனக்கு ஆறவில்லை. ஒன்று: "பாட்டி காலத்திலிருந்து சோளக் கஞ்சியைப் புளிக்கவைத்துக் குடிக்கிறவங்கதானே, இதுல என்ன சாதனை? ரத்தத்திலேயே ஊறினது." இன்னொன்று: "கறுப்பு, அதிலும் பொம்பள. விருது தானா வரும்."

ஒரே ஆட்கள் இரண்டுக்கும் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். பிறவியிலேயே வந்த திறமை என்றால் விருதில் சலுகை எதற்கு? சலுகையில் வந்த விருது என்றால் ரத்தத்தில் ஊறியது எங்கே போனது? இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பெண்கள் வேலை செய்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

அது வேலை. நான் சொல்ல வந்தது இதுதான். கற்று, கெடுத்து, கொட்டி, திரும்பச் செய்து கைக்கு வந்த வேலை.

அந்தச் "சோளக் கஞ்சி"யையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் உம்கொம்போதி. மக்காச்சோள மாவு, முளைகட்டி உலர்த்தி அரைத்த மக்காச்சோளம், அதேபோல் முளைகட்டிய சோளம், மூன்றும் சம அளவு. வெதுவெதுப்பான நீரில் கரைத்து இரவு முழுக்க மூடி வைப்பார்கள். மறுநாள் குமிழ் வந்து புளிப்பு மணம் ஏறியிருக்கும். லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நோய்க் கிருமிகள் பலவும் இனி அதில் வளராது. பிறகு கரைசலில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை அடுப்பில் ஏற்றிக் கெட்டிக் கூழாகக் காய்ச்சுவார்கள். அதை ஒரு நாள் முழுக்க ஆறவிடுவார்கள். ஆறிய கூழைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, எடுத்துவைத்த பங்கையும் ஒரு கை முளைச்சோள மாவையும் சேர்த்துக் கலக்கி, கம்பளி போர்த்தி வெதுவெதுப்பான இடத்தில் வைப்பார்கள். தயாராகிவிட்டதா என்று பார்க்கத் தீக்குச்சியைக் கொளுத்திப் பாத்திரத்தின் வாயருகே பிடிப்பார்கள். பொசுக்கென்று அணைந்தால் கரியமில வாயு நிறைந்திருக்கிறது, நொதித்தல் மும்முரமாக நடக்கிறது. அணையாவிட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். கடைசியில் புல்லில் பின்னிய வடிகட்டியில் பிழிந்து எடுப்பார்கள். போதை குறைவு, பொதுவாக 3 சதவீதத்தைத் தாண்டாது. இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துவிட வேண்டும், அதற்கு மேல் வினிகராகத் திரும்பும்.

இதில் வித்தை எங்கே என்று கேட்டீர்கள். அந்த "ஆறவிட்டு, பிறகு சேர்ப்பது" என்ற இடத்தில் இருக்கிறது. பார்லி பீரில் மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். அதைச் சர்க்கரையாக்கும் நொதிகளும் அந்தச் சூட்டில் உயிரோடு இருக்கும். ஒரே பாத்திரத்தில் காரியம் முடிந்தது. சோளமும் மக்காச்சோளமும் அப்படி இல்லை. அவற்றின் மாவுச்சத்து இளக 70 டிகிரிப் பக்கம் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் முக்கியமான நொதி செத்துப்போகும். வேகவைத்தால் நொதி போகும், வேகவைக்காவிட்டால் மாவு இளகாது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, முதலில் வேகவைத்து, சூடு தணிந்தபின் வேகாத முளைமாவைப் புதிதாகச் சேர்ப்பது. அந்தப் பெண்கள் செய்தது அச்சு அசலாக இதைத்தான். அவசரப்பட்டுச் சூட்டோடு சேர்த்தால் நொதியும் போகும், ஈஸ்டும் போகும், கூழ் கூழாகவே நிற்கும். அதிகம் ஆறிவிட்டால் ஈஸ்ட் மந்தமாகி, புளிப்பு முந்திக்கொள்ளும். முளையைச் சரியாக உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்து மொத்த மாவும் வீண். இளம் சோளத்தட்டையை மாடு தின்றால் என்ன ஆகும் என்று நம் ஊர் விவசாயிக்குத் தெரியும். அந்தச் சயனைடு நஞ்சின் மூலப்பொருள் சோள முளையிலும் உண்டு. எத்தனை நாள் முளை விடலாம், எவ்வளவு உலர்த்த வேண்டும் என்பது விளையாட்டு இல்லை.

தெர்மாமீட்டர் இல்லாமல், கையை வைத்துப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு இதை ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இதில் ரத்தம் எந்த இடத்தில் வந்தது?

"சரி, பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஏன் அப்போதே தொழில் நடத்தவில்லை?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நடத்தினார்கள். நடத்தவிடாமல் செய்தார்கள். இன்றைய தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் 1908இல் வந்த சட்டம், சோள பீர் காய்ச்சி விற்கும் உரிமையை நகராட்சியே ஏகபோகமாக வைத்துக்கொள்ள வழி செய்தது. டர்பன் நகராட்சி பீர்க்கூடங்களைத் திறந்தது. வந்த லாபத்தில்தான் கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகமே ஓடியது. அந்த ஏற்பாட்டுக்கு "டர்பன் முறை" என்றே பெயர், மற்ற நகரங்களும் பின்பற்றின. வீட்டில் காய்ச்சிய பெண்கள் அன்று முதல் குற்றவாளிகள். போலீஸ் வரும், பானையைக் கவிழ்க்கும், அபராதம், சிறை. சரக்கு அதுவே, செய்முறையும் அதுவே. விற்றது யார் என்பதுதான் மாறியது. 1929இல் நேட்டால் ஊர்களில் பெண்கள் பீர்க்கூடங்களுக்குள் புகுந்து எதிர்த்தார்கள். 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனரில் மறுபடி எழுந்தார்கள். கேட்டோ மேனர் நமக்கு அந்நியமான இடமும் இல்லை. ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர்கள், தமிழர்களும் உட்பட, காய்கறித் தோட்டம் போட்டிருந்த பகுதி அது.

"மதுவுக்கு இவ்வளவு பரிந்து பேசலாமா?" என்று நிச்சயம் வருவீர்கள். குடியால் குடும்பங்கள் அழிந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் கோபத்தில் இதுவும் இருந்தது: கணவனின் கூலி முழுக்க நகராட்சிக் கூடத்தில் போய்விடுகிறது, வீட்டுக்கு வருவதில்லை. குடியைப் பற்றி நீங்கள் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியைத் தெரிந்துகொண்டு இன்றைய பெண்களைப் பாருங்கள். அபிவே நுக்சானி மவேலா விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலையில் நுண்ணுயிரியல் படித்தவர். பெரிய பீர் நிறுவனத்தில் பயிற்சி பெற்று, பிறகு பிரூஸ்டர்ஸ் கிராஃப்ட் என்று சொந்தமாகத் தொடங்கினார். தன் குலப்பெயரான தொலொகாசியை பீருக்கு வைத்தார். அதில் சோளத்தையும் பயன்படுத்துகிறார். ஒரு காலத்தில் எந்தத் தானியத்தைக் காய்ச்சியதற்காகப் பானை உடைபட்டதோ, அதே தானியம், இப்போது லைசென்ஸோடு, அவர் குலப்பெயரில். "இதுல என்ன சாதனை" என்று எப்படிக் கேட்க முடிகிறது?

ந்ட்சிகி பியேலாவின் கதை இன்னும் கடினமானது. குவாசூலு-நேட்டால் கிராமத்துப் பெண். பள்ளி முடித்து வீட்டு வேலை பார்த்தவர். 1999இல் விமான நிறுவனம் ஒன்றின் உதவித்தொகையில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கு ஒயின் தயாரிப்பு படிக்கப் போகிறார். அதற்கு முன் ஒயினை ருசித்ததே இல்லை. பாடம் நடப்பதோ ஆஃப்ரிகான்ஸில். அது அவருக்குத் தெரியாத மொழி. கறுப்பினத்தவர் ஒயின் வாங்குவதற்குச் சட்டத் தடை நீங்கியதே 1962இல்தான். வீட்டில் யாரும் ருசித்துப் பழகியிராத பொருள், ரத்தத்தில் எப்படி ஊறும் என்று எனக்கு யாராவது விளக்குங்கள். 2004இல் ஒரு ஒயின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து முதலில் செய்த சிவப்பு ஒயின் கலவைக்கே மைக்கலாஞ்சலோ ஒயின் போட்டியில் தங்கம். 2009இல் நாட்டின் சிறந்த பெண் ஒயின் தயாரிப்பாளர்.

"நிறத்துக்காகக் கொடுத்தது" என்கிறவர்களுக்கு: முறையான ஒயின் போட்டியில் புட்டியை மறைத்துத்தான் கோப்பையில் ஊற்றுவார்கள். கோப்பையில் நிறம் தெரியும், ஒயினின் நிறம். அந்தக் கோப்பைக்குள் என்னவெல்லாம் சரியாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்தீர்களா? சிவப்பு ஒயின் நொதிக்கும்போது திராட்சைத் தோல் எல்லாம் மேலே மிதந்து மூடிபோல் கட்டிக்கொள்ளும். நாளுக்கு இரண்டு மூன்று முறை அதை அழுத்தி உள்ளே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே வினிகர் பிடிக்கும். சூடு 25 முதல் 30 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் திணறி, சர்க்கரை பாதியில் நின்றுவிடும். ஈஸ்டுக்கு நைட்ரஜன் குறைந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதை அன்றே கண்டுபிடிக்காவிட்டால் பிறகு போக்குவது கடினம். புளிப்பைக் காட்டும் பிஎச் எண் கொஞ்சம் ஏறினால்கூட, கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தக டைஆக்சைடின் அளவை மாற்றிக் கணக்குப் போட வேண்டும். பீப்பாயில் ஊற்றியபின் சில வாரத்துக்கு ஒருமுறை குறைந்ததை நிரப்ப வேண்டும். அறுவடைக் காலத்தில் நள்ளிரவில் எழுந்து தொட்டியின் சூட்டைப் பார்க்கிறவர்தான் ஒயின் தயாரிப்பாளர். விருது தானாக வரவில்லை.

2016இல் அவர் தன் நிறுவனத்தைத் தொடங்கியபோது பாட்டியின் பெயரை வைத்தார். அஸ்லினா. பரம்பரை நிலமும் கிடங்கும் இல்லாத ஒருவர் இந்தத் தொழிலில் இறங்கினால் கணக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். திராட்சையை அடுத்தவர் தோட்டத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டும். தொட்டி வாடகை. ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதில் 300 புட்டி வரும். சிவப்பு ஒயின் அந்தப் பீப்பாயில் ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கலாம். அவ்வளவு காலமும் பணம் உள்ளேதான். புட்டி, தக்கை, லேபிள் எல்லாம் ஒரு பாட்டில்கூட விற்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டிய காசு. தாத்தா நிலம் வைத்திருந்தவருக்கு வங்கி கடன் கொடுக்கும். இவர்கள் என்ன ஈடு வைப்பார்கள்? திறமை பத்தாமல் தோற்றவர்களைவிட, இந்த ஒரு வருடத்தைத் தாண்டப் பணம் இல்லாமல் நின்றுபோனவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

தென்னாப்பிரிக்கா மட்டும் என்று நினைக்காதீர்கள். இதை எழுதும்போது எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறவர் ஜார்ஜியா கில்மோர். அமெரிக்காவின் மான்ட்கமரியில், பேருந்துகளில் கறுப்பினத்தவரை ஒதுக்கியதை எதிர்த்து 1955 டிசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. அத்தனை நாளும் மக்களை வேலைக்குக் கொண்டுபோய்விட்ட கார்களுக்குப் பெட்ரோல் யார் போட்டது? இவரும் இவரோடு சேர்ந்த பெண்களும் கோழிக்கறி சாண்ட்விச்சும் பை எனும் பலகாரமும் கேக்கும் விற்ற காசும் அதில் உண்டு. குழுவுக்கு வைத்த பெயர் "எங்கிருந்தும் வராத சங்கம்". பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே தெரிந்தால் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் வேலை போகும். கில்மோர் நீதிமன்றத்தில் புறக்கணிப்புக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னபின் அவருக்கு உண்மையிலேயே வேலை போனது. அதன்பின் வீட்டிலேயே சமைத்துப் போட்டுப் பிழைத்தார். அதையும் "கைமணம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவீர்களா?

அந்தப் பதிவில் எல்லாரும் "ஆப்பிரிக்கப் பாட்டி", "கறுப்பு ஆயா" என்றே எழுதியிருந்தீர்கள். அன்போடு சொன்னோம் என்கிறீர்கள். உங்களில் சிலர் அன்போடுதான் சொன்னீர்கள், நம்புகிறேன். ஆனாலும் வலிக்கிறது, ஏனென்றால் இந்த அன்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஒரு பான்கேக் மாவுக்காக "ஆன்ட் ஜெமைமா"வாக வேடமிட்டு நின்றார். கறுப்பினப் பெண்ணை "திருமதி" என்று கூப்பிட மனமில்லாத காலத்தில் வெள்ளையர் வைத்திருந்த மாற்றுச் சொல்தான் அந்த "ஆன்ட்", அதாவது அத்தை. அந்த உருவம் நூறு வருடத்துக்கு மேல் டப்பாவில் இருந்தது. 1923இல் இறந்த அவருடைய கல்லறைக்கு 2020 வரை ஒரு கல்கூட இல்லை.

அதற்கு முன்பே, 1881இல், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சமையல் புத்தகம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத, அடிமையாக இருந்து விடுதலையான ஆபி ஃபிஷர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதியது. ஊறுகாய்க்கும் சாஸுக்கும் ஏற்கெனவே கண்காட்சிகளில் பரிசு வாங்கியவர். புத்தகத்தின் தலைப்பிலேயே "திருமதி ஃபிஷருக்குத் தெரிந்தது" என்று இருக்கிறது. தெரிந்தது. பிறவியில் வந்தது என்று அதில் இல்லை.

பதிவை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே அவர்கள் பெயரைப் போடுங்கள். "கைமணம்" என்று எழுதிய இடத்தில் "பீர் தயாரிப்பாளர்", "ஒயின் தயாரிப்பாளர்" என்று மாற்றுங்கள். உம்கொம்போதி செய்முறை மேலே இருக்கிறது. கஞ்சிதானே என்று சொன்னவர்கள் ஒருமுறை காய்ச்சிப் பார்த்துவிட்டு, தீக்குச்சி அணைந்ததா இல்லையா என்று இங்கேயே எழுதுங்கள்.