முந்திரிப் பூங்கொத்து கருகினால் யாரைக் கேட்பது?

பயிர்ப் பாதுகாப்பு அறிவியல் சங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஆய்விதழும் மாநாடும் நடத்துவதே அவற்றின் முதல் வேலை என்று அது சொல்கிறது. பூச்சியியலாரையும் பயிர் நோயியலாரையும் ஒரே தோப்பில் நிறுத்துவதுதான் முதல் வேலை என்பேன்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பூங்கொத்து கருகியதும் பலரும் பூஞ்சாண மருந்து வாங்க ஓடுகிறார்கள். பெரும்பாலும் தொடக்கம் தேயிலைக் கொசு; பெயர்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி. அது இளந்தண்டில் சாறு உறிஞ்சிய இடம் பழுப்புத் தழும்பாகும், பிசின் கசியும். பூஞ்சாணம் அந்தக் காயத்தின் வழியாகப் பிறகுதான் நுழைகிறது. பூச்சியை விட்டுவிட்டுப் பூஞ்சாணத்துக்கு மட்டும் அடித்தால் கருகல் நிற்காது. காலையிலோ மாலையிலோ துளிரைப் புரட்டிப் பாருங்கள். வெயிலில் பூச்சி கண்ணில் படாது.

துளிர், பூங்கொத்து, பிஞ்சு என்ற மூன்று கட்டங்களையும் கவனிக்க வேண்டும். தெளிப்பு அவசியமானால் ஒவ்வொரு முறையும் வேறு வகை மருந்து. ஒன்றையே திருப்பி அடித்தால் பூச்சிக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிடும். பூக்கும்போது மாலையில் மட்டும் தெளிக்கணும், தேனீ தப்பிக்கும். முசுறு எறும்புக் கூடுகளைக் கலைக்காதீர்கள், அது கொசுவைப் பிடித்துத் தின்னும்.

விருத்தாசலத்தில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலை வேளாண் புலம் இருக்கிறது. இரு துறையாரும் சேர்ந்து பார்த்து, ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பைத் துளிர் காலத்துக்கு முன்பே மருந்துக் கடைகளில் ஒட்டச் செய்யும் சங்கம்தான் எங்களுக்கு வேண்டும்.