எட்டு மாதத்தில் என்ன அவசரம்?

நேற்று மாலை சேலம் அஸ்தம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, முன்பு என்னோடு வேலை பார்த்த பெண் கேட்டாள்: "அக்கா, கைக்குழந்தைக்குப் படிக்கப் பழக்க, சொல் எழுதிய அட்டைகள் உங்கள் பையனுக்கு வாங்கினீர்களே, இருக்கின்றனவா? பாப்பாவுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது, நான் இன்னும் தொடங்கவே இல்லை."

அந்தப் பதற்றம் எனக்குத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் நாலாயிரம் ரூபாய் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கியவள் நான். தினமும் மூன்று வேளை, மருந்து போல, அட்டையைக் காட்டினேன். ஒன்றேகால் வயதில் என் மகன் "யானை" என்று எழுதிய அட்டையைப் பார்த்து "ஆனை" என்றான். உறவினர் வாட்ஸ்அப் குழுவே அதிர்ந்தது.

கொலுசில் சலங்கை கோத்துக்கொண்டிருந்த என் மாமியார் மட்டும் அசையவில்லை. "அதையே வேறு தாளில் எழுதிக் காட்டு" என்றார். காட்டினேன். பிள்ளை திருதிருவென்று விழித்தான். பிறகுதான் கவனித்தோம், அந்த அட்டையின் மூலையில் சாம்பார்க் கறை. அவன் படித்தது கறையை.

முழுச் சொல்லையும் படம் போலக் காட்டிப் பழக்கும் இந்த முறையைப் பரப்பியவர் கிளென் டோமன் என்ற அமெரிக்கர்; 1964 இல் புத்தகமே எழுதினார். எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு என்று அலைக்கழிக்கும் ஆங்கிலத்தில் அந்த யோசனை எப்படிப் பிறந்தது என்று புரிகிறது. தமிழில் என்ன செய்வது? "மரம்" அட்டையை மனப்பாடம் செய்த குழந்தைக்கு மரத்தில், மரத்தை, மரங்களோடு எல்லாம் புதுப் படங்கள். எத்தனை அட்டை அச்சடிப்பது? "கெ" எழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது க். இதைப் பிரித்துச் சேர்க்க ஒரு முதிர்ச்சி வேண்டும். பால்பல் முளைக்கும் வயதில் அது வராது.

அமெரிக்காவில் இதே வகை வீடியோக்களை விற்ற நிறுவனத்தின் மீது 2012 இல் அரசின் வணிக ஆணையம் பொய் விளம்பர வழக்குத் தொடுத்தது. 2014 இல் சூசன் நியூமன் என்ற கல்வி ஆய்வாளரின் குழு 117 குழந்தைகளை ஏழு மாதம் ஆராய்ந்து வெளியிட்டது: இப்படிப் பழக்கிய குழந்தைகளுக்கும் பழக்காத குழந்தைகளுக்கும் பதினான்கு அளவீடுகளில் பதின்மூன்றில் எந்த வித்தியாசமும் இல்லை. மிச்சமிருந்த ஒன்று, தங்கள் குழந்தை படிக்கிறது என்ற பெற்றோரின் நம்பிக்கை! எங்கள் வாட்ஸ்அப் குழுவை நினைத்துச் சிரித்தேன், கொஞ்சம் கூச்சத்தோடு.

பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர, நம் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டமே எட்டு வயதைத்தான் இலக்காக வைத்தது. நமக்கு மட்டும் எட்டு மாதம்.

புத்தகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மடியில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். குழந்தை பக்கத்தைக் கடித்தால் கடிக்கட்டும். என் மகனுக்குச் சொற்கள் வந்தது மாமியாரின் பேச்சிலிருந்து. மாங்காய் நறுக்கினாலும் பேச்சு, தட்டுவடை செட் வாங்கப் போனாலும் பேச்சு. இப்போது நான்கு வயது. போன மாதம் ஏற்காட்டுக்குப் போகும்போது, வளைவுக்கு வளைவு பலகையில் இருந்த எண்களைக் கத்திக்கொண்டே வந்தான். யாரும் அவனைப் படிக்கச் சொல்லவில்லை.

"அட்டைகள் இருக்கின்றன, ஆனால் தர முடியாது" என்றேன் அவளிடம். அவற்றைத் தரையில் வளைத்து வளைத்து அடுக்கி மகன் மலைப்பாதை போட்டிருக்கிறான். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அட்டை வேண்டுமாம்.